நான்காம் கட்டத்தில் கோடு ஏன் சாய்கிறது?

மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு படிக்கும் மாணவ மாணவியருக்கு,

இதயப் பாடம் தொடங்கியிருக்கும். ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் வரைபடத்தை நோட்டில் வரைந்து பழகிக்கொண்டிருப்பீர்கள். 0 முதல் 4 வரை ஐந்து கட்டங்கள். முதலில் சோடியம் உள்ளே பாயும், நடுவில் கால்சியம் வந்து கோட்டைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு பொட்டாசியம் வெளியேறக் கோடு கீழே இறங்கும். எஸ்.ஏ. நோடு என்றால் 4-ஆம் கட்டத்தில் கோட்டைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வரைய வேண்டும். பல ஆண்டுகளாக இந்த விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். கோடு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அது ஏன் சாய்கிறது என்று வைவாவில் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல். உடலிலிருந்து பிரித்து எடுத்த பிறகும் இதயம் கொஞ்ச நேரம் தானாகவே துடிக்கிறது. நரம்பு இல்லை, மூளை இல்லை. துடிக்கச் சொல்வது யார்? இதற்கு விடை தேடிப் போனவர்கள் யாரும் மருந்து கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள் அல்லர். ஆனால் நீங்கள் நாளை எழுதப்போகும் மருந்துச் சீட்டில் எது உயிரைக் காக்கும், எது உயிரை எடுக்கும் என்பது அந்த விடையில் அடங்கியிருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் நல்ல எண்ணத்தோடு வைத்தியம் செய்த இடங்களில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வார்டுக்குள் கால் வைத்ததும் காதில் விழப்போகிற சொற்களில் ஒன்று ‘ஆர்.எல்.’. அதிலுள்ள ‘ஆர்’, சிட்னி ரிங்கர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் தவளை இதயத்தை வைத்து ஆராய்ந்தவர். உப்புக் கரைசலில் தவளை இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று 1882-இல் எழுதினார். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி எழுதினார். வடித்த நீரில் கரைத்ததாக அவர் நம்பியிருந்த கரைசலை, உதவியாளர் லண்டன் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் கால்சியம் இருந்தது. உண்மையான வடித்த நீரில் கரைத்துப் பார்த்தபோது இதயம் தளர்ந்து நின்றது. கால்சியம் சேர்த்ததும் மீண்டும் சுருங்கியது. இதயம் துடிக்க எந்தெந்த அயனிகள் எந்த அளவில் வேண்டும் என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பின்னாளில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் ரிங்கரின் கரைசலோடு லாக்டேட் சேர்த்தார். ஆர்.எல். பாட்டில் நம் கைக்கு வந்தது.

துடிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் உங்களைப் போன்ற மருத்துவ மாணவர். பெயர் மார்ட்டின் ஃபிளாக். 1906-ஆம் ஆண்டுக் கோடையில், கென்ட் பகுதியில் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தின் பண்ணை வீட்டில், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்ற சிறு விலங்கின் இதயத்தை நுண்நோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கீத்தும் அவர் மனைவியும் சைக்கிளில் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது, வலது மேலறையில் தான் கண்ட விசித்திரமான திசுவை அவர்களிடம் பரபரப்போடு காட்டினார். அதுதான் எஸ்.ஏ. நோடு. 1907-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது.

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே நடப்பது என்ன என்று சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அந்தக் கதையில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறவர் டெனிஸ் நோபிள். 1936-இல் லண்டனில் ஒரு தையற்காரர் குடும்பத்தில் பிறந்தவர். 1950-களின் கடைசியில் யுனிவர்சிட்டி காலேஜில் ஆட்டோ ஹட்டர் என்பவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அப்போது உடலியங்கியலில் எல்லோரும் பேசியது ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட கட்டுரைகளைப் பற்றித்தான். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் சோடியமும் பொட்டாசியமும் சவ்வைக் கடக்கும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதி, நரம்புத் துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்று காட்டியிருந்தார்கள். கையால் சுற்றும் கணக்கு எந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது.

நரம்புத் துடிப்பு ஓரிரு மில்லி விநாடியில் முடிந்துவிடும். இதயத் தசையில் அது ஏறக்குறைய 300 மில்லி விநாடி நீடிக்கிறது. நரம்பில் நடப்பது போலப் பொட்டாசியம் உடனே வெளியே கொட்டினால் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஹட்டரும் நோபிளும் இதயத்தின் பர்க்கின்ஜி இழையில் அளந்து பார்த்தபோது நேர்மாறான ஒன்று தெரிந்தது. சவ்வின் மின்னழுத்தம் உயர்ந்ததும் ஒரு வகைப் பொட்டாசியம் பாதை திறப்பதற்குப் பதில் மூடிக்கொள்கிறது. அதனால் செல் அதிகம் செலவழிக்காமல் அந்த மேட்டிலேயே நிற்க முடிகிறது. பிறகு இன்னொரு பொட்டாசியம் பாதை மெல்லத் திறந்து கோட்டை இறக்குகிறது. சேனல் ஒரு புரதம் என்று காட்டக்கூட வழியில்லாத காலம் அது. வெறும் மின்னோட்ட அளவுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு பொட்டாசியம் ஓட்டங்களையும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளுக்குள் நோபிள் புகுத்தினார். அவற்றைக் கையால் தீர்ப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். லண்டன் பல்கலைக்கழகத்தில் ஃபெரான்டி மெர்க்குரி என்ற பெரிய கணினி இருந்தது. அதைக் கேட்டுப் போனபோது, உங்கள் சமன்பாடுகளில் அலையை உண்டாக்கும் உறுப்பு எங்கே என்று அங்கிருந்தவர்கள் கேட்டதாக நோபிள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நியாயமான கேள்விதான். சமன்பாடுகளில் அப்படி ஒன்றும் இல்லை. சோடியம் ஓட்டத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு இரண்டு, அவ்வளவுதான். கணிதம் போதாதென்று அவர் கணித வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். கடைசியில் யாருக்கும் வேண்டாத நேரம் கிடைத்தது: பின்னிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. கணினி வேலை முடிந்ததும் கசாப்புக் கூடத்துக்குப் போய் அன்றைய சோதனைக்கு ஆட்டு இதயம் வாங்கி வருவார்.

கணினியிலிருந்து துடிப்பு வந்தது. ஒரு தடவை அல்ல, ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தது. 1960-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானபோது அவருக்கு 24 வயது நிரம்பவில்லை. கணினியில் துடித்த முதல் இதயச் செல் அதுதான். தவளை இதயத்தை இப்போது நீங்கள் பிராக்டிகல் வகுப்பில் கணினித் திரையில்தான் பார்க்கிறீர்கள். உயிர்த்தவளை போனதற்கு வருத்தப்படும் மூத்த ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தத் திரையைப் பார்க்கும்போது மெர்க்குரி கணினி ஞாபகம் வரும்.

கணக்கு மையத்தில் கேட்ட கேள்விக்கு விடையும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. தாளத்தை உண்டாக்கும் தனி உறுப்பு எதுவும் இல்லை. சவ்வின் மின்னழுத்தம் சேனல்களைத் திறக்கிறது. திறந்த சேனல்கள் வழியே ஓடும் அயனிகள் மின்னழுத்தத்தை மாற்றுகின்றன. மாறிய மின்னழுத்தம் அதே சேனல்களை மூடுகிறது. இந்தச் சுற்றில் எதைத் தனியே எடுத்து வைத்தாலும் அது துடிக்காது. முதலாண்டிலேயே இது மனதில் பதிந்துவிட்டால் பிற்பாடு எந்த மருந்தைப் பார்த்தாலும் ‘இது எதை அடைக்கிறது’ என்பதோடு நிற்க மாட்டீர்கள். அடைத்தால் மற்றவை என்ன செய்யும் என்றும் கேட்பீர்கள்.

நோபிளின் முதல் கணக்கில் குறைகள் இருந்தன. கால்சியம் அதில் இல்லவே இல்லை. இதய இழையில் கால்சியம் ஓட்டம் ஒன்று தனியாக உண்டு என்பதை ஹரால்ட் ராய்ட்டர் 1967-இல்தான் காட்டினார். அதைவிடப் பெரிய திருத்தம் பிறகு வந்தது. 4-ஆம் கட்டத்துச் சாய்வுக்குக் காரணம் வெளியே போகும் பொட்டாசியம் ஓட்டமொன்று மெல்ல ஓய்வதே என்று நோபிளும் ரிச்சர்ட் சியெனும் 1968-இல் அளந்து எழுதினார்கள். பத்தாண்டுக்கு மேல் அதுதான் பாடம். 1979-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹிலரி பிரவுன், மிலானிலிருந்து வந்த டாரியோ டி ஃபிரான்செஸ்கோ, நோபிள் மூவரும் முயலின் எஸ்.ஏ. நோடில் வேறொன்றைப் பார்த்தார்கள். மற்ற ஓட்டங்கள் பெரும்பாலும் சவ்வின் மின்னழுத்தம் ஏறும்போது விழிக்கும். இது இறங்கும்போது விழித்தது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே கடத்தியது. நிகர ஓட்டம் உள்நோக்கி இருந்தது. இந்த விசித்திரத்தால் அதற்கு ‘ஃபன்னி கரன்ட்’ என்ற பெயர் நிலைத்தது. அட்ரினலின் பட்டதும் அது இன்னும் சீக்கிரம் விழித்தது. பயந்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்பதற்கு மூலக்கூறு அளவில் கிடைத்த விடை அது.

1981-இல் டி ஃபிரான்செஸ்கோ இன்னும் ஒரு படி போனார். பர்க்கின்ஜி இழையில் நோபிளும் சியெனும் கண்ட பொட்டாசியம் ஓட்டமும் உண்மையில் இதே உள்நோக்கிய ஓட்டந்தான் என்று நிறுவினார். அதாவது நோபிளின் பெயரைப் பெரிதாக்கிய கண்டுபிடிப்பைப் பொருள் மாற்றிப் படிக்கவேண்டியதாயிற்று. நோபிள் என்ன செய்தார் தெரியுமா? டி ஃபிரான்செஸ்கோவோடு சேர்ந்து உட்கார்ந்து புதிய கணக்கை எழுதினார். 1985-இல் வந்த அந்த மாதிரி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. பரிணாமம் பற்றி நோபிள் பின்னாளில் எழுதியவற்றை உயிரியலாளர் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அவற்றில் தயக்கம் உண்டு. ஆனால் அளவுகள் வேறு சொன்னபோது தன் பெயர் பதிந்த கருத்தை அவர் விட்டுக்கொடுத்த விதத்தை, ஆராய்ச்சி செய்ய விரும்பும் எல்லோருக்கும் சொல்வேன்.

அந்த ஃபன்னி ஓட்டத்தை மட்டும் குறைக்கும் மருந்து ஐவபிரடின். 2005-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. நாடி மெதுவாகிறது, சுருங்கும் பலம் குறைவதில்லை. ஏன் இதயம் நின்றுவிடவில்லை என்றும் கேளுங்கள். ஒரு ஓட்டம் தளர்ந்தால் மின்னழுத்தம் சற்றே நகர்கிறது, அந்த நகர்வே மற்ற ஓட்டங்களைக் கூட்டிவிடுகிறது. சில நோயாளிகள் இந்த மாத்திரை போட்டபின் கண்ணில் வெளிச்சம் மின்னுவதாகச் சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள், விழித்திரையிலும் அந்தச் சேனல் குடும்பம் இருக்கிறது.

இப்போது இறந்தவர்களைப் பற்றி.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் ஈசிஜியில் இடையிடையே தாளம் தப்பிய துடிப்புகள் தெரியும். அப்படித் தெரிகிறவர்கள் திடீரென இறப்பது அதிகம். ஆகவே அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று 1980-களில் நம்பினார்கள். சோடியம் சேனலை அடைக்கும் என்கெய்னைடும் ஃபிளெகெய்னைடும் அவற்றை அழகாக அடக்கின. ஈசிஜி சுத்தமாகிவிடும். மருத்துவரும் நோயாளியும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அமெரிக்காவில் ‘காஸ்ட்’ என்ற ஆய்வு இதை முறையாகச் சோதித்தது. 755 பேருக்கு இந்த மருந்துகள், 743 பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர். 1989-இலேயே ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்தவேண்டி வந்தது. முழு விவரம் 1991-இல் வெளியானது.

சோடியம் சேனலை அடைத்தால் தப்புத் துடிப்பு குறையும். கூடவே மின் அலை பரவும் வேகமும் குறையும். மாரடைப்பால் வடுப்பட்ட தசையைச் சுற்றி அலை மெதுவாக நகர்ந்தால், அது திரும்பி வந்து தான் கிளம்பிய இடத்தையே மறுபடி தூண்டும், சுழல ஆரம்பித்துவிடும். இந்தச் சுழல் அலையைப் பற்றி ஜார்ஜ் மைன்ஸ் என்ற இளைஞர் கேம்பிரிட்ஜில் 1913-இலேயே எழுதியிருந்தார். மருத்துவம் ஈசிஜித் தாளைப் பார்த்தது, அடியிலிருக்கும் சவ்வைப் பார்க்கவில்லை. இந்தப் பாடத்தை நீங்கள் மனப்பாடமாகக் கடந்துபோவதை நான் பொறுத்துக்கொள்ளாததற்கு அந்த 63-க்கும் 26-க்கும் இடையிலிருக்கும் மனிதர்கள்தான் காரணம்.

இரண்டாவது கதை பொட்டாசியத்தைப் பற்றியது. 3-ஆம் கட்டத்தில் கோட்டை இறக்கும் பொட்டாசியம் ஓட்டம் ஒன்றல்ல, வேகமானது ஒன்றும் மெதுவானது ஒன்றும் என இரண்டு உண்டு என்பதை 1990-இல் மெர்க் நிறுவன ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் சாங்குவினெட்டியும் அவரோடு பணியாற்றியவரும் கினிப் பன்றியின் இதயச் செல்களில் பிரித்துக் காட்டினார்கள். பிறகு அவர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மார்க் கீட்டிங்கின் குழு, பரம்பரையாகத் திடீர் மயக்கமும் திடீர் மரணமும் வரும் குடும்பங்களின் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. 1995-இல் அந்தத் தேடல் ‘ஹெர்க்’ என்ற மரபணுவில் போய் நின்றது. அதே ஆண்டில் சாங்குவினெட்டி, அந்த மரபணு உண்டாக்கும் சேனல்தான் தான் முன்பு பிரித்துக் காட்டிய வேகமான ஓட்டம் என்று காட்டினார். ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும் நோய்க்கு முதன்முதலாக முகவரி கிடைத்த காலம் அது.

அந்தச் சேனலின் உட்குழி, வாயகன்ற அண்டாவைப் போல இடம் விட்டு இருக்கிறது. உள்ளே மருந்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் அமினோ அமிலங்களும் இருக்கின்றன. அதனால் இதயத்தோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ மருந்துகள் போய் அங்கே உட்கார்ந்துவிடுகின்றன. தும்மலுக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் அப்படிப்பட்டது. தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரை என்று உலகமெங்கும் விற்றது. கல்லீரல் அதை உடனுக்குடன் உடைத்துக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. கூடவே கீட்டோகொனசோலோ எரித்ரோமைசினோ சாப்பிட்டால் கல்லீரல் நொதி முடங்கும், உடையாத மருந்து ரத்தத்தில் ஏறும், க்யூடி நீளும், டோர்சாட் என்ற கொடிய தாளப் பிறழ்வு வரும். 39 வயதுப் பெண் ஒருவருக்கு இப்படி நேர்ந்த அறிக்கை 1990-இல் வெளியானது. 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. நாம் இன்று தாராளமாக எழுதும் ஃபெக்சோஃபெனடின், கல்லீரல் டெர்ஃபெனடினை உடைத்துத் தரும் அதே பொருள்தான். அது அந்தச் சேனலைத் தொந்தரவு செய்வதில்லை. நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாபிரைடும் இதே காரணத்தால் அமெரிக்காவில் 2000-இல் விலக்கப்பட்டது; இந்தியாவில் 2011-இல்தான் தடை வந்தது. இப்போது எந்தப் புது மருந்தும் மனிதருக்குப் போகும் முன் ஹெர்க் சேனலில் சோதிக்கப்படுகிறது.

நம் ஊர்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள். வாந்தியும் பேதியுமாக ஒரு பாட்டி வந்திருக்கிறார். பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருக்கும். வெளியே பொட்டாசியம் குறைந்தால் ஹெர்க் ஓட்டமும் குறையும். வாந்திக்கு ஆண்டன்செட்ரான், பேதிக்கு அசித்ரோமைசின், இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை. தெருமுனை மருந்துக்கடையில் அவருக்கு ஏற்கெனவே டோம்பெரிடோன் கொடுத்திருப்பார்கள். அதுவும் அதே ரகம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகிற அன்று, யாரும் காரணத்தைத் தேடமாட்டார்கள். வயசானவர், பேதியில் போய்விட்டார் என்பார்கள். அந்தச் சீட்டை எழுதும் முன் ஒரு ஈசிஜி, ஒரு பொட்டாசியம் அளவு. இதைக் கேட்கும் பயிற்சி மருத்துவராக நீங்கள் இருக்கவேண்டும்.

கடைசியாகச் சொல்லவந்த விஷயம் என் மனதை அதிகம் அழுத்துவது. 1957-இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு குழந்தைகள். நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த நால்வருக்கும் மயக்கம் வரும். மூவர் 4, 5, 9 வயதுகளில் திடீரென இறந்துபோனார்கள். பெற்றோருக்குக் காதில் குறையே இல்லை. 3-ஆம் கட்டத்து மெதுவான பொட்டாசியம் சேனல்தான் உட்காதின் திரவத்துக்கும் பொட்டாசியத்தைக் கொண்டுசேர்க்கிறது. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதுபட்ட பிரதியே வந்துசேர்ந்தால் காதும் கேட்காது, இதயமும் நேரத்தில் ஓய்வுக்குத் திரும்பாது.

அப்பாவும் அம்மாவும் நெருங்கிய சொந்தமாக இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. காது கேளாத ஒரு குழந்தை ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால், வலிப்பு என்று மாத்திரை கொடுக்கிறோம். சில வீடுகளில் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கிறார்கள். ஈசிஜி எடுக்கச் சொல்வதற்கு ஆள் இல்லை. எடுத்தால் வைத்தியம் உண்டு. பீட்டா பிளாக்கர் விலை மலிவான மாத்திரை. அது போதாத குழந்தைகளுக்கு மற்ற வழிகள் உண்டு.

உங்களில் சிலராவது படிப்பு முடிந்ததும் உடலியங்கியலில் மேற்படிப்புக்கு வரவேண்டும் என்று கேட்கிறேன். அந்த இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமல் கிடக்கின்றன. வருமானத்தை நினைத்து வீட்டில் தயங்குவார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். மற்றவர்கள் எந்தத் துறைக்குப் போனாலும் சரி, அடுத்த ஆண்டுக்குள் ஒரு வேலையைத் தொடங்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் எடுத்த ஈசிஜித் தாள்கள் கோப்புகளில் இருக்கும். ஐ.சி.எம்.ஆர். இளநிலை மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. உங்கள் கல்லூரியின் காது-மூக்கு-தொண்டைத் துறையிலும் நெறிமுறைக் குழுவிலும் அனுமதி வாங்குங்கள். அந்தத் தாள்களில் க்யூடியை அளந்து, ஆர்-ஆர் இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுத்து எழுதுங்கள். எந்தத் தாளிலாவது 460 மில்லி விநாடிக்கு மேல் வந்தால் அன்றைக்கே இதய மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அளப்பதில் சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் உங்கள் ஃபிசியாலஜி ஆசிரியரின் அறைக்குப் போங்கள். கூட உட்கார்ந்து அளப்பார்.

அன்புடன்,
ஓர் உடலியங்கியல் ஆசிரியர்